முன் அனுபவம்: இல்லை

எங்கள் கல்லூரியில் வேலைவாய்ப்பு முகாம் நடக்கும் நாட்களில் தமிழ்த்துறை வாசலில்தான் கூட்டம் நிற்கும். நிறுவனங்கள் தரும் படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். ஆங்கிலத்துறை பக்கத்துக் கட்டடத்தில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே ‘மேடம்’ என்று கூப்பிட வேண்டும். தப்பாக எழுதியதைக் காட்டக் கூச்சம். எங்களை ‘அம்மா’ என்று கூப்பிட்டுப் பழகிவிட்டதால் அடித்தல் திருத்தலோடு தாளை நீட்டுவதில் அவர்களுக்குத் தயக்கமில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் அரசு கலைக் கல்லூரி இது. படிப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பலரும் தங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். வேலைவாய்ப்பு வழிகாட்டல் பொறுப்பைச் சில ஆண்டுகளாக என் தலையில் கட்டியிருக்கிறார்கள். சங்க இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கியவளுக்கு இது எதற்கு என்று ஆரம்பத்தில் முணுமுணுத்தேன். இப்போது முணுமுணுப்பதில்லை.

அந்தப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ‘முன் அனுபவம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். எல்லாரும் அதில் ‘இல்லை’ என்று எழுதுவார்கள். யோசிக்காமல், பெயரையும் பிறந்த தேதியையும் எழுதுவதைப் போல எழுதுவார்கள். ஒருமுறை நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தியைக் கேட்டேன்.

“என்ன வேலை பார்த்திருக்கே?”

“ஒண்ணும் பாக்கலம்மா. வீட்ல சும்மாதான்.”

“காலைல எத்தனை மணிக்கு எந்திரிப்பே?”

“மூணு மணிக்கு. பூவெடுக்கப் போகணும்ல?”

தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மல்லிகைத் தோட்டத்துக்குள் இறங்குகிறவள். இருட்டில், எந்த மொட்டு இன்று மாலை விரியும், எது நாளைக்கு ஆகும் என்று விரல் நுனியில் தெரிய வேண்டும். தப்பான மொட்டைக் கிள்ளினால் இரண்டு நாளும் நட்டம். மார்கழிப் பனியில் வரத்து குறைந்து விலை எங்கே போகும், கோடையில் பூ குவிந்தால் எங்கே விழும், முகூர்த்த நாளுக்கு முதல் நாள் எந்தக் கமிஷன் கடைக்குக் கொண்டுபோனால் எடையில் ஏமாற்றமாட்டார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. ஒன்பது மணிக்குக் கல்லூரிக்கு வந்து நான் நடத்தும் இலக்கணத்தையும் கேட்டு, தூங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். முன் அனுபவம்: இல்லை.

அவள் அடக்கத்தால் அப்படி எழுதவில்லை. அவளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். நாம் மட்டுமல்ல, சட்டமும் சொல்லியிருக்கிறது. நூறு நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த வேலைக்கு ஒரு விளக்கம் உண்டு: எந்தத் திறனும் தனிப் பயிற்சியும் இல்லாமல் வயதுவந்த எவரும் செய்யக்கூடிய உடலுழைப்பு. தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்தச் சட்டத்தால் எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் முதன்முதலாகத் தங்கள் பெயரில் வங்கிக் கணக்கு வைத்துக்கொண்டார்கள் என்பதை நான் மறக்கவில்லை. ஆனாலும் அந்த வரியை எழுதியவரை ஒரு நாள், ஒரே ஒரு நாள், எங்கள் சித்தி பக்கத்தில் நிறுத்தி வரப்பு வெட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

திறனில்லாதவள் என்று முடிவு கட்டிவிட்டால், பயிற்சி கொடுப்பதுதான் அடுத்த படி. கொடுக்கிறார்கள். கிராமத்துப் பெண்களுக்கு இன்று பயிற்சிக்குக் குறைவே இல்லை. மாணவர்களுக்கென்று மாநில அரசு 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ இருக்கிறது. ஊரக இளைஞர்களுக்கென்று 2014இல் மத்திய அரசு தொடங்கிய தீன்தயாள் உபாத்யாய திட்டம் இருக்கிறது; 15 வயது முதல் 35 வரை சேரலாம், பெண்களென்றால் 45 வரை, மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. வங்கிகள் மாவட்டந்தோறும் நடத்தும் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. கர்நாடகத்தில் தர்மஸ்தலாவுக்குப் பக்கத்தில் உஜிரே என்ற ஊரில் 1982இல் தொடங்கிய ஒன்றை மாதிரியாக வைத்து நாடு முழுக்கப் பரவியவை அவை. இவற்றையெல்லாம் ஏளனமாகச் சொல்லவில்லை. விண்ணப்பப் படிவங்கள் என் மேசை இழுப்பறையிலேயே இருக்கின்றன. நானே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

தையலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பெண்ணுக்கு என்ன பயிற்சி என்று எந்தக் கூட்டத்தில் கேட்டாலும் முதலில் வரும் பதில் தையல்தான். நல்ல தொழில், சந்தேகமில்லை. ஆனால் அடுப்புக்கும் தொட்டிலுக்கும் நடுவில் வைக்க முடிகிற இயந்திரம் என்பதால்தான் அதன்மேல் எல்லாருக்கும் இவ்வளவு பிரியமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. எங்கள் தெருவில் ஆறு வீட்டில் தையல் இயந்திரம் இருக்கிறது. நான்கில் மடித்த துணி அடுக்கியிருக்கிறது. ஒரே தெருவில் ஆறு பேர் யாருடைய ஜாக்கெட்டைத் தைப்பது?

என் அக்காவும் பயிற்சிக்குப் போனவள்தான். 1994இல். அவளுக்கு வயது 18, நான் பத்தாம் வகுப்பு. எங்கள் ஊர் வேடசந்தூர்ப் பக்கம். சோளமும் கடலையும் மழையை நம்பி விதைக்கிற மண், சுற்றிலும் நூற்பாலைகள். ஒரு தரகர் வீட்டுக்கு வந்தார். மூன்று வருடம் மில்லிலேயே தங்கிப் பயிற்சி, சாப்பாடு அவர்களே போடுவார்கள், மாதம் கொஞ்சம் கைச்செலவுக்கு, முடிவில் மொத்தமாக 30,000 ரூபாய், அதை வைத்துக் கல்யாணம் முடித்துவிடலாம். சுமங்கலித் திட்டம் என்றார். அந்தப் பெயரை வைத்தவர் யாரோ, தமிழ்ச் சமூகத்தை நன்றாகப் படித்தவராக இருக்க வேண்டும். எந்தத் தகப்பனும் மறுத்துப் பேச முடியாத ஒரு சொல்லைத் தேடி எடுத்திருக்கிறார்.

அக்கா ஸ்பின்னிங்கில் நின்றாள். அறுந்த இழையை ஓட்டத்திலேயே பிடித்து ஒட்டுவதுதான் வேலை. பஞ்சுத் தூசி, ஈரக் காற்று, காதை அடைக்கும் சத்தம், மூன்று ஷிப்ட். கைபேசி இல்லாத காலம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா மட்டும் போய்ப் பார்க்கலாம். நான் ஒரே ஒருமுறை அப்பாவோடு போனேன். வார்டன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அக்கா என்னிடம் என் மார்க்கைக் கேட்டாள். அவள் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. எடுத்துவிடப் போனேன். “விடு பாப்பா, உள்ளே போனா திரும்ப ஒட்டிக்கும்” என்றாள்.

அந்த வேலையைக் கற்றுக்கொள்ள எத்தனை நாளானது என்று பல வருடங்கள் கழித்துக் கேட்டேன். “இருவது நாள்ல ஒரு சைடு தனியாப் பாத்தேன்” என்றாள். மிச்சம் ஆயிரத்துச் சொச்சம் நாளும் பயிற்சிதான். அந்தச் சொல்லில் சூட்சுமம் இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், பழகுநர் என்பவர் பழகுகிறவர், தொழிலாளி அல்லர் என்று தெளிவாகச் சொல்கிறது. தொழிலைக் கற்க வருகிறவர்களை மனதில் வைத்து எழுதிய சட்டம். ஆனால் ஒருத்தியைப் பழகுநர் என்று அழைத்துவிட்டாலே, தொழிலாளிக்கு உரிய கூலியை அவள் கேட்க முடியாது, சங்கத்தில் சேரமாட்டாள், நிரந்தரம் என்ற பேச்சு எழாது என்பதை மில்காரர்கள் எளிதாகக் கண்டுகொண்டார்கள். என் அக்கா மூன்று வருடம் முடித்தபோது, எடுத்த விடுப்புக்கு ஈடாக இன்னும் 41 நாள் வேலை பார்க்கச் சொன்னார்கள். பார்த்தாள். பணம் வந்தது. வேலை நீடிக்கவில்லை. பழகியவளை வைத்துக்கொண்டால் கூலி கொடுக்க வேண்டும். புதிதாகப் பழக வருகிறவர்கள் வாசலில் நின்றார்கள். மூன்று வருடப் பயிற்சிக்கு ஒரு துண்டுத் தாள்கூடச் சான்றாகத் தரவில்லை.

அந்த 30,000இல் பாதி என் பி.ஏ. படிப்புக்கும் விடுதிக்கும் போனது. அக்கா கல்யாணம் நான்கு வருடம் தள்ளிப்போனது.

என் ஆய்வேட்டில் நூற்கும் பெண்களைப் பற்றி ஓர் இயல் உண்டு. சங்கப் பாடல்களில் நூல் நூற்கிறவள் ஆண் துணை இல்லாதவளாக வருகிறாள். புறநானூறு பருத்திப் பெண்டு என்கிறது. நற்றிணை ஆளில் பெண்டிர் என்கிறது. பனுவல் என்ற சொல் பஞ்சுக்கும் நூலுக்கும் புத்தகத்துக்கும் பொதுவாக இருப்பதைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தேன். நெறியாளர் பாராட்டினார். கணவன் இல்லாததால் நூற்றவள் அவள்; கணவன் கிடைப்பதற்காக நூற்றவள் என் அக்கா. இந்த ஒரு வரி அன்று எனக்குத் தோன்றவில்லை. நன்றியுரையில் நூலகருக்கும் தட்டச்சு செய்தவருக்கும் தனித்தனி வரி இருக்கிறது. அக்கா ‘குடும்பத்தினர்’ என்ற சொல்லுக்குள் இருக்கிறாள்.

இதெல்லாம் பழைய கதை என்று நினைத்துக்கொண்டுதான் இந்தப் பொறுப்பில் உட்கார்ந்தேன். சுமங்கலித் திட்டத்துக்கு எதிராகப் பல பெண்கள் பேசி, வழக்காடி, அந்தப் பெயரே இப்போது விளம்பரத்தில் வருவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் பி.ஏ. தமிழ் முடித்த மாணவி ஒருத்தி, வேலை வேண்டும், ஊரிலிருந்தால் ஆடியில் நிச்சயம், ஆவணியில் கல்யாணம் முடித்துவிடுவார்கள் என்று அழுதுகொண்டு வந்து நின்றாள். ஆயத்த ஆடைத் தையலுக்கு மூன்று மாதம் தங்கிப் படிக்கும் பயிற்சி ஒன்று இருந்தது. கட்டணமில்லை. நான்தான் அவள் அப்பாவிடம் பேசினேன். “டீச்சர் பொறுப்புன்னா அனுப்புறேன்” என்றார். பொறுப்பு என்றேன்.

பயிற்சி நன்றாகவே இருந்தது. அதைச் சொல்லியாக வேண்டும். அவளே தொலைபேசியில் சொன்னாள்: மூன்று வேளையும் சமைக்காமல் சாப்பிடுவது இதுதான் முதல் தடவை. கணினி தொடக் கற்றாள். ஆங்கிலத்தில் தன்னைப் பற்றி ஐந்து வாக்கியம் சொல்லக் கற்றாள். இரவு மொட்டைமாடியில் பத்துப் பேர் உட்கார்ந்து, வீட்டில் பேச முடியாததையெல்லாம் பேசினார்கள். ஒரு பெண்ணை வீட்டிலிருந்து மூன்று மாதம் வெளியே எடுத்து வைப்பதே பெரிய விஷயம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அடுத்து ஓர் ஆடை நிறுவனத்தில் வேலை, விடுதி வளாகத்துக்குள்ளேயே. நாங்கள் அவள் படத்தைப் போட்டுக் கல்லூரி வாசலில் ஃபிளக்ஸ் வைத்தோம். ‘பணியமர்த்தப்பட்டோர்’ பட்டியலில் அவள் பெயரும் மேலிடத்துக்குப் போனது.

இதுபோன்ற திட்டங்களில் வேலை கிடைத்தது என்று கணக்கில் ஏற, குறைந்தது மூன்று மாதம் வேலையில் இருந்திருக்க வேண்டும். விதி நல்லெண்ணத்தில் எழுதியதுதான். சேர்த்துவிட்டு மறுநாளே கைகழுவக் கூடாது என்பதற்காக. ஆனால் மூன்று மாதம் என்று கோடு போட்டால் எல்லாருடைய அக்கறையும் அந்தக் கோட்டோடு நின்றுவிடுகிறது. நான்காவது மாதம் அவள் அப்பாவுக்குக் கால் முறிந்தது. மூன்று நாள் விடுப்புக் கொடுத்தார்கள். எட்டு நாள் ஆகிவிட்டது. திரும்பிப் போனபோது பெயரை எடுத்துவிட்டார்கள். வேண்டுமென்றால் மறுபடியும் பயிற்சியாளராகச் சேரலாம், பயிற்சிக் காலச் சம்பளம்தான் என்றார்கள்.

அவள் ஊருக்குத் திரும்பியதுகூட எனக்குத் தெரியாது. இரண்டு மாதம் கழித்துக் கல்லூரிக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“மொத மூணு மாசம் வாரா வாரம் சென்டர்ல இருந்து போன் வரும்மா. எப்படி இருக்கே, சாப்பாடு எப்படி, சம்பளம் போட்டாங்களான்னு. அப்புறம் யாரும் கேக்கல.” கொஞ்சம் நிறுத்தி, “நீங்களும் கேக்கல” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னாள்.

பிறகு கணக்குப் போட்டாள். கல்லூரியில் ஒரு திறன் பயிற்சி. மையத்தில் மூன்று மாதம். நிறுவனத்தில் சேர்ந்ததும் பயிற்சியாளர். இப்போது மறுபடியும் பயிற்சியாளர். “எத்தனை தடவம்மா பழகுறது?”

எனக்கு என் அக்காவின் 41 நாள் ஞாபகம் வந்தது. பெயர் மாறியிருக்கிறது, விடுதி சுத்தமாகியிருக்கிறது, சம்பளம் வங்கிக்கு வருகிறது, கையில் சான்றிதழ் இருக்கிறது. ஆனால் அவளுக்குத் தெரிந்தது எதுவும் சேர்ந்துகொண்டே போகவில்லை. ஒவ்வொரு வாசலிலும் முதலிலிருந்து தொடங்குகிறாள். ஓர் ஆண் மெக்கானிக் கடையில் ஐந்து வருடம் இருந்தால் ‘தொழில் தெரிந்தவன்’ ஆகிவிடுகிறான். கடை மாறினாலும் தொழில் அவனோடு போகிறது. இவள் கடை மாறினால் கன்னி முயற்சி. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று நாம் பெருமைப்படுகிறோம். பெருமைதான். அவர்களில் எத்தனை பேர் ஐந்தாவது வருடம் அதே தொழிலில் இருக்கிறார்கள், எத்தனை பேர் சூப்பர்வைசர் ஆனார்கள் என்பதை எந்த ஃபிளக்ஸிலும் போடுவதில்லை.

போகும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள்: “என் போட்டோ இன்னும் வாசல்லயே இருக்கும்மா.” அன்று மாலை நானே நின்று ஃபிளக்ஸை இறக்கச் சொன்னேன். வாட்ச்மேன் அதைத் தன் வீட்டுக் கூரைக்கு எடுத்துக்கொண்டு போனார்.

வேறு விதமாகவும் பெண்களுக்குப் பயிற்சி நடந்திருக்கிறது, எனக்கு விவரம் தெரிந்த காலத்திலேயே, பக்கத்து மாவட்டங்களைத் தாண்டினால் வரும் புதுக்கோட்டையில். 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள், கூலிக்குப் போகிறவர்கள், கல்லுடைக்கிறவர்கள், ஆசிரியைகள், மாலையில் பொட்டலில் கூடி ஓட்டிப் பழகினார்கள். பெண்கள் சைக்கிள் போதவில்லை என்று ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். பாரில் பிள்ளையை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. சைக்கிள் ஓட்டத் தெரிந்ததும் விளைந்ததை இன்னொரு சந்தைக்குக் கொண்டுபோக முடிந்தது. யாருக்காகவும் பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பயிற்சி அவளை எந்த நாற்காலியிலும் உட்காரவைக்கவில்லை. போக வர விட்டது. என் கையெழுத்தில் போன மாணவிக்குக் கிடைத்ததோ மாதத்துக்கு ஒரு கேட் பாஸ்.

போக்குவரத்தைச் சொல்ல வேறு காரணமும் இருக்கிறது. எங்கள் மாணவிகள் எந்தப் பயிற்சியில் சேர்வது என்பதை அவர்களுடைய விருப்பமோ மதிப்பெண்ணோ தீர்மானிப்பதில்லை. கடைசிப் பேருந்து தீர்மானிக்கிறது. 2021 மே மாதம் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானபோது, எங்கள் வகுப்பில் மூன்று பேர் திண்டுக்கல்லில் கணக்குப்பதிவு மென்பொருள் கற்கச் சேர்ந்தார்கள். மென்பொருளுக்கு அரசு எதுவும் செய்துவிடவில்லை, பேருந்துக்குத்தான் செய்தது. இரண்டு பேர் முடித்தார்கள். மூன்றாமவள் ஊருக்குக் கடைசிப் பேருந்து ஐந்தே முக்காலுக்கு. வகுப்பு முடிவது ஆறுக்கு. அவள் நின்றுவிட்டாள். அந்தக் கால்மணி நேரத்துக்காக நான் போட்ட மனு இன்னும் எங்கோ இருக்கிறது.

எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத ஒன்றையும் பெண்கள் தாங்களாகவே கற்றுக்கொள்கிறார்கள். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் மின்னணுத் தொழிற்சாலைப் பெண்கள், விடுதிச் சாப்பாட்டால் பலர் நோயில் விழுந்ததும், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் விடிய விடிய உட்கார்ந்தார்களே, அவர்களும் கிராமங்களிலிருந்து போனவர்கள்தான். பணிவாகப் பேசவும் கைகுலுக்கவும் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருப்பார்கள். சாலையில் உட்காரக் கற்றுக் கொடுத்தது யார்?

இப்போது நான் செய்வது பெரிதாக ஒன்றுமில்லை. முகாமுக்கு முதல் நாள் மாணவிகளை உட்காரவைத்து, காலையில் எழுந்தது முதல் செய்ததையெல்லாம் எழுதச் சொல்கிறேன். பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுகிறவள், குழுக் கணக்கு எழுதும் அம்மாவுக்குக் கூட்டிப் பார்த்துக் கொடுக்கிறவள், முருங்கை லோடு ஏற்றுகையில் எடை சரிபார்க்கிறவள். இதைப் படிவத்தில் எழுதினால் நிறுவனத்தார் சிரிப்பார்கள் என்றாள் ஒருத்தி. சிரிக்கட்டும், எழுது என்றேன். ஒரு மனிதவள அதிகாரி உண்மையாகவே சிரித்தார். இன்னொருவர், எடை பார்த்த பெண்ணைக் கிடங்குப் பிரிவுக்கு எடுத்தார். கையெழுத்துப் போட்டு அனுப்பியவர்களின் எண்களைத் தனி நோட்டில் வைத்திருக்கிறேன். நான்காவது மாதம், ஏழாவது மாதம், பன்னிரண்டாவது மாதம் கூப்பிடுகிறேன். சிலர் எடுப்பதில்லை. ஒருத்தியின் கணவர் எடுத்து, இனிமேல் கூப்பிடாதீர்கள் என்றார்.

அக்காவிடம் இந்தக் கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். “என்னைப் பத்தி எழுதுறதா இருந்தா முப்பதாயிரம்னு எழுதாதே. முப்பதாயிரத்து இருநூறு” என்றாள். அந்த இருநூறு ரூபாய் எதற்கு என்று கேட்டேன். கடைசி மாதம் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காததற்காம்.

அந்த மாணவி மறுபடியும் பயிற்சியாளராகச் சேரவில்லை. நிச்சயமும் நடக்கவில்லை, அப்பா நடக்கத் தொடங்கிய பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். ஒட்டன்சத்திரத்தில் ஒரு கடையில் பில் போடுகிறாள். அவளுடைய பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் பட்டச் சான்றும் இன்னும் அந்த நிறுவனத்தில்தான் இருக்கின்றன. சேரும்போது அசலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கேட்டு இரண்டு கடிதம் எழுதினோம், பதிலில்லை. மூன்றாவதை என் அறையில் உட்கார்ந்து எழுதினோம். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். ‘தங்கள் நிறுவனத்தில் பயிற்சி பெற்றுவந்தேன்’ என்று சொன்னேன். எழுதியவள் பேனாவை நிறுத்தினாள். அடித்துவிட்டு, ‘தங்கள் நிறுவனத்தில் நான்கு மாதம் வேலை பார்த்தேன்’ என்று மேலே எழுதினாள். அடித்தல் இல்லாமல் வேறு தாளில் எழுதிக்கொள் என்றேன். எழுதினாள். மாவட்டத் தொழிலாளர் அலுவலருக்கு ஒரு நகல் வைத்து, போன செவ்வாய்க்கிழமை தபாலில் அனுப்பினோம். ஒப்புகை அட்டை இன்னும் வரவில்லை.